பிறந்த பிள்ளைக்குமா சீனி?

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"பிறந்த புள்ளைக்குமா சீனி?" என்று எங்கள் ஊரில் கேட்பவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அடுத்த மூச்சிலேயே பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். "வயித்துல இருக்கக்கொள்ள உம்மாக்காரி இனிப்பா திண்டிருப்பா." "மச்சானையே முடிச்சா இப்பிடித்தான்." "கண்ணூறு பட்டிருக்கு." இந்த மூன்று பதில்களையும் ஒரே பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டோம். அவள் எங்களிடம் சாதாரண தரம் வரைக்கும் படித்தவள். விஞ்ஞானப் பாடத்தில் பி எடுத்த பிள்ளை. தன் முதல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் தலை குனிந்திருந்தாள்.

அதன் பிறகுதான் இதைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை, கலாசாலையில் பயிற்சி எடுத்த ஆசிரியர்கள். ஆனால் எங்கள் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறது. வலிப்புள்ள பிள்ளை, கழுத்து நிற்கப் பிந்திய பிள்ளை, ஆறு வயதிலும் நாலு சொல் பேசாத பிள்ளை எல்லோரும் எங்களிடம்தான் வருகிறார்கள். "மந்தம்" என்ற ஒரே சொல்லோடு வருகிறார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன நடந்தது என்று வீட்டாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இந்தப் பிள்ளையின் விடயத்தில் தெரிந்துகொள்ள முடிந்தது. உம்மாவின் அனுமதியோடுதான் எழுதுகிறோம். பெயரும் தெருவும் வேண்டாம்.

2022 ஜனவரியில் பிறந்தது. மாதம் நிறைந்தும் எடை 2 கிலோ 100 கிராம். "சின்னப் புள்ளதான், பால் குடிச்சாத் தேறிடும்" என்றார்கள். ஏழாவது கிழமை, பால் குடித்துக்கொண்டே மெலிந்தது. சத்தி எடுத்தது. மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கியது. ஒரு விடயத்தை மட்டும் உம்மம்மா கவனித்திருக்கிறார்: வாய் காய்ந்து, கண் குழிந்து கிடக்கும் பிள்ளைக்கு பம்பர்ஸ் மட்டும் கனத்துக்கொண்டே இருந்தது. நீர் வற்றிய பிள்ளை சிறுநீர் கழிப்பது குறைய வேண்டும். இங்கே கூடிக்கொண்டு போனது. அந்த முதிய பெண் படித்தது அஞ்சாம் வகுப்பு. "இது சரியில்ல, தூக்குங்க" என்று சொன்னது அவர்தான்.

முதலில் கிருமித் தொற்று என்று நினைத்தே மருந்து கொடுத்தார்கள். இப்படித் தொடங்குவது உலகம் முழுவதும் நடப்பதுதான். ஏழு கிழமைப் பிள்ளை மூச்சு வாங்கினால் யாருக்கும் முதலில் தொற்றுத்தான் நினைவுக்கு வரும். பிறகு ஒரு இளம் டொக்டர் குதியில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை மீற்றரில் வைத்தார். இலக்கம் வரவில்லை. "ஹை" என்று மட்டும் காட்டியது. அளவு 600ஐத் தாண்டினால் அந்த மீற்றர் அப்படித்தான் காட்டும்.

இனி அந்த மூன்று பதில்களுக்கு வருவோம்.

முதலாவது, உம்மா இனிப்புச் சாப்பிட்ட கதை. கர்ப்பகாலத்தில் உம்மாவுக்குச் சீனி கூடினால் பிள்ளைக்கு நடப்பது நேர் எதிரானது. உம்மாவின் இரத்தத்திலுள்ள சீனி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் கணையம் அதைச் சமாளிக்க இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். வயிற்றுக்குள் இன்சுலின்தான் பிள்ளையை வளர்க்கும் பசளை. அதனால் பிள்ளை பெரிதாகப் பிறக்கும். பிறந்தவுடன் சீனி குறைந்துவிடக் கூடிய ஆபத்துத்தான் அதற்கு. நாலு கிலோப் பிள்ளை பிறந்தால் தாதிமார் அடிக்கடி குதியில் குத்திப் பார்ப்பது இதற்காகத்தான். நாங்கள் பேசும் பிள்ளைகளோ வயிற்றுக்குள்ளேயே இன்சுலின் இல்லாமல் வளர்ந்தவர்கள். அதனால் சின்னதாகப் பிறக்கிறார்கள், பிறந்த பிறகு சீனி ஏறுகிறது. இந்தப் பிள்ளையின் 2 கிலோ 100 கிராம்தான் அதற்குச் சாட்சி. உம்மா தின்ற தொதலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இது நமது வாப்பாமாருக்கு நாற்பது வயதில் வரும் சீனியும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவும் இல்லை. முதலாம் வகையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி அழிக்கிறது. அது நடக்கக் காலம் எடுக்கும். ஆகவே ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்கு நீரிழிவு வந்தால், அநேகமாக எப்போதும் மரபணு ஒன்றில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம். ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்புக்கு ஒன்று என்று சொல்கிறார்கள். சொந்தத்துக்குள் திருமணம் கூடிய சமூகங்களில் இதைவிட அதிகம்.

அந்த மரபணு என்ன செய்கிறது? எங்கள் பக்கத்து வயற்காரருக்கு விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறோம். கந்தளாய்க் குளத்தில் மடையை மூடினால்தான் நீர்மட்டம் ஏறும். மட்டம் ஏறினால்தான் மேட்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் பாயும். மடை திறந்தபடி இறுகிவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் மேட்டு வயலுக்குத் தண்ணீர் போகாது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலத்தின் சுவரிலும் இப்படியொரு மடை இருக்கிறது. பொட்டாசியம் வெளியே போகும் சின்ன வாசல். நாம் சாப்பிட்டு இரத்தத்தில் சீனி கூடும்போது, அந்தக் கலம் சீனியை எரித்துச் சக்தி எடுக்கும். அந்தச் சக்தியின் அடையாளத்தைக் கண்டதும் வாசல் மூடும். மூடியதும் கலத்துக்குள் மின்னழுத்தம் மாறி இன்சுலின் வெளியே வரும். கே.சி.என்.ஜே. 11, ஏ.பி.சி.சி. 8 என்று இரண்டு மரபணுக்கள் சேர்ந்துதான் இந்த வாசலைக் கட்டுகின்றன. இரண்டில் ஒன்றில் எழுத்து மாறினால் வாசல் திறந்தபடியே நின்றுவிடும். கணையம் அழிந்து போகவில்லை, இன்சுலினும் உள்ளே இருக்கிறது. வெளியே வரச் சொல்லும் கட்டளைதான் வருவதில்லை.

கணையக் கலத்தில் இப்படியொரு வாசல் இருப்பதை 1984இல் கண்டுபிடித்தவர் பிரான்சஸ் ஆஷ்குரொஃப்ட் என்ற பெண் விஞ்ஞானி. அது பழுதானால் பிறந்த குழந்தைக்கு நீரிழிவு வரும் என்று நிரூபிக்க இன்னும் இருபது வருடம் எடுத்தது. 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்துப் பேராசிரியர் அன்ட்ரூ ஹட்டஸ்லியின் குழு, ஆஷ்குரொஃப்டும் சேர்ந்துகொண்டு, அதை வெளியிட்டது.

இதிலிருந்துதான் எங்களைத் தூங்கவிடாத விடயம் தொடங்குகிறது. அந்த வாசலை வேறு பக்கத்தால் பிடித்து இழுத்து மூடக்கூடிய மருந்து ஒன்று ஏற்கெனவே இருந்தது. கிளிபென்கிளமைட். 1960களின் கடைசியிலிருந்து உலகம் முழுவதும் கொடுத்து வரும் சாதாரண, மலிவான சீனிக் குளிசை. எங்கள் மூத்தம்மாமார் கிளினிக்கில் வரிசையில் நின்று, வெள்ளைத் தாள் உறையில் வாங்கி வந்து அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார்களே, அதுதான். (நோன்பு காலத்தில் அதைப் போட்டுவிட்டு சஹரைத் தவறவிட்டு லுஹருக்கு மயங்கி விழுந்தவர்களையும் நமக்குத் தெரியும். சீனியை அளவுக்கு மிஞ்சிக் குறைத்துவிடும் என்பதால் இப்போது முதியவர்களுக்கு அதைத் தவிர்த்து வேறு குளிசை கொடுக்கிறார்கள்.)

2006இல் அதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. கே.சி.என்.ஜே. 11 மாற்றம் உள்ள 49 பேருக்கு இந்த வகைக் குளிசையைக் கொடுத்துப் பார்த்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியை முற்றாக நிறுத்தினார்கள். அவர்களில் மூன்று மாதக் குழந்தையும் இருந்தது, முப்பது வயது தாண்டியவரும் இருந்தார். பிறந்ததிலிருந்து தினமும் ஊசி போட்டவர், காலையில் குளிசை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். 2018இல் வெளியான பத்து வருடத் தொடர் ஆய்விலும், மாறியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்சுலின் இல்லாமலேயே இருந்தார்கள்.

சீனி மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டோம். ஊசியால் சீனியைக் கட்டுப்படுத்தலாம். கஷ்டம்தான், ஆனாலும் முடியும்.

மூளைதான் பிரச்சினை. அதே வாசல் நரம்புக் கலத்திலும் தசையிலும் இருக்கிறது. அங்கேயும் திறந்தபடி நின்றால் நரம்பு தன் வேலையைச் சரியாகச் செய்யாது. கழுத்து நிற்கப் பிந்தும். கை கால் துவண்டு கிடக்கும். பேச்சு பிந்தும். கடுமையான மாற்றமாக இருந்தால் முதல் வருடத்துக்குள்ளேயே வலிப்பும் வரும். வளர்ச்சிப் பின்னடைவு, வலிப்பு, பிறந்த குழந்தையின் நீரிழிவு மூன்றும் சேர்ந்ததை "டெண்ட்" கூட்டுநோய் என்கிறார்கள். வலிப்பு இல்லாத, அல்லது பிந்தி வருகிற, சற்று லேசான வகையும் உண்டு. கே.சி.என்.ஜே. 11 மாற்றமுள்ள பிள்ளைகளில் நாலில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு இப்படி மூளையும் பாதிக்கப்படுவது தெரிகிறது.

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளின் மூளைப் பாதிப்புக்கு முக்கிய காரணம் சீனி கூடியது அல்ல. சீனி மிகக் கூடினாலும் மிகக் குறைந்தாலும் மூளைக்குக் கேடுதான், அது வேறு. இங்கே மூளையின் வாசலே பழுது. இன்சுலின் ஊசி இரத்தத்தில் சீனியைக் குறைக்கும், மூளையின் வாசலை அதனால் மூட முடியாது. குளிசையால் ஓரளவு முடியும். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், அந்த மருந்து மூளைக்குள் இலேசில் போய்ச் சேராது. அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு, உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களைவிட அதிக அளவு கொடுக்கிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடுதல் என்பதுதான் வைத்தியர்கள் கண்டது. வளர்கின்ற மூளை நமக்காகக் காத்திருக்காது.

அதாவது, சரியான இரத்தப் பரிசோதனை செய்யாமல் "சீனிதானே, ஊசி போடுங்க" என்று விட்டால், சீனி சரியாக இருக்கும், பிள்ளை உயிரோடு இருக்கும், ஆறு வயதில் எங்கள் விசேட கல்வி அலகுக்கு வரும். பாதியாவது தடுத்திருக்கக் கூடிய ஒன்றோடு வரும்.

எங்கள் மாணவியின் பிள்ளைக்கு அந்தப் பரிசோதனை உடனே நடக்கவில்லை. 2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். அவர்கள் பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஆற்று மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, அதற்குள் மருந்தை வைத்தார்கள். மூன்று கிலோப் பிள்ளைக்கு இன்சுலின் எவ்வளவு தெரியுமா? ஒரு தடவைக்கு அரை யுனிற், சிலவேளை அதற்கும் குறைவு. சிரிஞ்சில் கோடு கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் இல்லாத இரவில் போன் வெளிச்சத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். ஒரு கோடு கூடிப் போனால் சீனி இறங்கிப் பிள்ளை விறைத்துவிடும்.

ஐந்து மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை. "ஊசி போட்ட அசதி" என்றார்கள் வீட்டில். குடும்ப நல உத்தியோகத்தர் மட்டும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, கொழும்புக்குக் காட்டச் சொல்லி விடாமல் நின்றார். அந்த மிஸ்ஸுக்கு அல்லாஹ் பரக்கத் செய்ய வேண்டும். ஜூன், ஜூலையில் பாடசாலைகளே பூட்டியிருந்தன. பெற்றோல் வரிசை ஆலங்கேணியையும் தாண்டிப் போன காலம். 260 கிலோமீற்றர் அளவு தூரம். இரவு பஸ்ஸில் இடம் கிடைத்த ஒரு நாளில் போனார்கள். பொரளையில் இருக்கிற லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் குழந்தைகளின் ஹோர்மோன் நோய்களுக்கென்றே தனி நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசோதனை என்றதும் பெரிய செலவு என்று பயந்தார்கள். பிள்ளையிடமிருந்தும் உம்மா வாப்பாவிடமிருந்தும் கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான். மரபணுவை வாசிக்கும் வேலையை எக்ஸிட்டரில் உள்ள அந்த ஆய்வுகூடமே, ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்ட குழந்தைகளுக்கு, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இலவசமாகச் செய்து வந்திருக்கிறது. அதற்கு வைத்தியர்தான் எழுதி அனுப்ப வேண்டும், நாம் அனுப்ப முடியாது. கடலுக்கு அக்கரையில் சென்னையிலும் இந்த வேலை நடக்கிறது. டொக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தில் மரபணு விஞ்ஞானி வெங்கடேசன் ராதாவின் குழுவும் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையின் வைத்தியர்களும் சேர்ந்து, இந்தியக் குழந்தைகளிடம் இதே மரபணு மாற்றங்களைக் கண்டு 2013இல் வெளியிட்டார்கள். அங்கேயும் ஊசியிலிருந்து குளிசைக்கு மாறிய பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் நிறத்தில், நம் மொழி பேசும் வீடுகளில் வளரும் பிள்ளைகள். "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட வருத்தம்" என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

செப்டெம்பரில் முடிவு வந்தது. கே.சி.என்.ஜே. 11. அதற்குள் ஒரு தடவை வலிப்பும் வந்துவிட்டது. ஒக்டோபரில், ஒன்பது மாதப் பிள்ளையாக, வார்டில் வைத்து, மணிக்கு மணி சீனி பார்த்து, குளிசையை அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். (ஐரோப்பாவில் 2018இலிருந்து குழந்தைகளுக்கென்றே இதைப் பாணியாக விற்க அனுமதித்திருக்கிறார்கள்.) இரண்டு கிழமைக்குள் இன்சுலின் நின்றது. அன்றிரவு அவள் அனுப்பிய குரல் பதிவு எங்கள் போனில் இன்னும் இருக்கிறது. "டீச்சர், இண்டைக்கு புள்ளைக்கு நான் ஊசி போடல்ல." அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இரண்டாவது பதிலைப் பற்றி இப்போது சொல்லலாம். அவள் தன் மாமி மகனைத்தான் முடித்திருக்கிறாள். ஊரே அதைத்தான் சொன்னது. ஆனால் உம்மா வாப்பா இருவரின் இரத்தத்திலும் அந்த மாற்றம் இல்லை. பிள்ளை கருவான நேரத்தில் புதிதாக ஏற்பட்ட எழுத்துப் பிழை அது. கே.சி.என்.ஜே. 11இல் பெரும்பாலும் இப்படித்தான். மரபணு நோய் என்றால் பரம்பரை நோய் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மச்சானை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் இந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்கும். மாமி வீட்டார் இதைக் காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே வைத்தியரிடம் அவர்களையும் கூட்டிப் போனோம்.

ஆனால் அதை வைத்துக்கொண்டு சொந்தத் திருமணத்தால் ஒன்றுமே வராது என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. பிறந்த குழந்தையின் நீரிழிவில் வேறு வகைகள் இருக்கின்றன. 1972இல் முதலில் எழுதப்பட்ட வொல்கொட்-ரலிசன் என்ற நோயில் எலும்பும் ஈரலும் சேர்ந்து பாதிக்கப்படும். சொந்தத்துக்குள் முடித்த குடும்பங்களில் நிரந்தர வகைக்கு அதிகம் காணப்படும் காரணம் அதுதான். உம்மாவும் வாப்பாவும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமப்பார்கள், அவர்களுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. தலசீமியாவுக்கு என்ன கணக்கோ அதே கணக்கு. அந்த நோய்க்கு இந்தக் குளிசை உதவாது. காது கேளாமை, இரத்தச்சோகை, நீரிழிவு மூன்றும் சேர்ந்து வரும் இன்னொரு வகை உண்டு, அதற்கு வைட்டமின் பி1 அதிக அளவில் கொடுத்தால் இரத்தச்சோகை தெளிகிறது, சீனியும் இலகுவாகிறது. சில பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் நீரிழிவு தானாகவே மறைந்து, இளவயதில் திரும்ப வருவதும் உண்டு. இன்சுலினின் மரபணுவிலேயே பிழை உள்ள பிள்ளைக்கு ஊசிதான். எது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது, மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும். குடும்பத்தில் கைக்குழந்தைகள் சீனியாலோ "என்னவென்று தெரியாமலோ" மௌத்தாகியிருந்தால், அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது வெட்கப்படும் விடயம் இல்லை, துப்பு.

மூன்றாவது பதில் கண்ணூறு. ஓதிப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் ஓதலாம். ஓதிவிட்டு விடியும் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஏழு கிழமைப் பிள்ளைக்கு ஒரு இரவு என்பது நீளமான காலம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டையும் நிறுத்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டினால் ஓடுங்கள். நீரிழிவுள்ள பிள்ளை என்றால் சீனியையும் உடனே பாருங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம். இதை வாசித்துவிட்டு யாரும் மூத்தம்மாவின் குளிசையை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல கணையமுள்ள ஒரு குழந்தை இந்தக் குளிசை ஒன்றை விழுங்கினாலே சீனி மணிக்கணக்கில் இறங்கி உயிர் போகலாம். பெட்டிகளைப் பூட்டி வையுங்கள். முதலாம் வகை நீரிழிவுள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இது மருந்தல்ல. அவர்களுக்கு ஊசிதான் உயிர். அதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விடயம். ஒரு வயதுக்குள், முக்கியமாக ஆறு மாதத்துக்குள், சீனி கண்டுபிடிக்கப்பட்ட யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவருக்கு இப்போது மூன்று வயதோ இருபத்தைந்து வயதோ, வைத்தியரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "டொக்டர், இந்தப் புள்ளைக்கு மரபணுப் பரிசோதனை செய்திருக்கா?" சின்ன வயதிலிருந்தே ஊசி போடுகிறவர் என்று நாம் பழகிப்போன எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியாது. மூதூர், தோப்பூர், புல்மோட்டைப் பக்கம் யாராவது இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அமெரிக்காவின் சிக்காகோவில் 2006இல் ஒரு சிறுமி ஆறு வயதில் இப்படித்தான் மாறினாள். அவளுடைய வாப்பா எங்கோ இந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டதில்தான் அது தொடங்கியது.

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறோம். சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. குளிசை தொடங்கி மூன்று மாதத்தில் கழுத்து நின்றது. இரண்டரை வயதில் சுவரைப் பிடிக்காமல் நடந்தான். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை, வலிப்பு மருந்து இன்னும் போகிறது. பேச்சு இருபது சொல் அளவில் இருக்கிறது. ஒரு இடத்தில் இருக்க மாட்டான். ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. குளிசையால் தசையும் நடையும் தேறுகின்றன, பேச்சிலும் கவனத்திலும் உள்ள குறை பலருக்கு வளர்ந்த பிறகும் தங்கிவிடுகிறது. ஏழாவது கிழமையிலேயே தொடங்கியிருந்தால் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. படம் காட்டிப் பெயர் சொல்லவைக்கும் அட்டைகளைச் செய்து கொடுத்திருக்கிறோம். எங்கள் அலகில் அவனுக்கு இடம் உண்டு, ஆனால் முதலில் சாதாரண முன்பள்ளிக்குத்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். அந்த முன்பள்ளி டீச்சரோடும் பேசியாகிவிட்டது. குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் என்ன நடக்கும், பையில் எப்போதும் குளுக்கோஸ் ஏன் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு இப்போது தெரியும்.

அவள் இப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருக்கிறாள். உம்மா வாப்பாவின் இரத்தத்தில் மாற்றம் இல்லாததால் திரும்ப வரும் வாய்ப்பு மிகக் குறைவு, முற்றாக இல்லை என்றும் சொல்ல முடியாது என்று வைத்தியர் விளக்கியிருக்கிறார். ஒக்டோபரில் நாள். பிள்ளை பிறந்ததிலிருந்து சீனி பார்க்க வேண்டும், கூடினால் உடனே இன்ன இடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை நாலு பிரதி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள்ளும், ஒன்றை மாமியிடமும், ஒன்றை மிட்வைஃப் மிஸ்ஸிடமும், ஒன்றை எங்களிடமும் தந்திருக்கிறாள்.